மண்சரிவு பத்திப் புத்தகம் இருக்குங்களா, டீச்சர்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் அடித்து ஓய்ந்த பிறகு, எங்கள் வாசிப்பறையைத் திரும்பத் திறக்க இரண்டு வாரம் ஆயிற்று. கூரையில் ஒரு தகரம் பறந்திருந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்கள் நனைந்து உப்பிப்போயிருந்தன. அவற்றை வாசலில் வெயிலுக்கு விரித்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். தரம் 7 படிக்கும் ஒரு பிள்ளை வந்து பக்கத்தில் குந்தினாள். கொஞ்ச நேரம் அவளும் தாள் பிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "டீச்சர், மண்சரிவு ஏன் வருதுன்னு சொல்ற புத்தகம் இருக்குங்களா?"

லயம் என்கிற அவர்களுடைய தோட்டத்து வரிசை வீடுகளுக்கு மேலே உள்ள மலையில் வெடிப்பு விழுந்து, இருபது குடும்பங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்த நேரம் அது. அவளும் அங்கிருந்துதான் வந்திருந்தாள்.

நான் உள்ளே போய்த் தேடினேன். மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பராதான், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறைதான், எங்கள் வாசிப்பறை. அறுநூறு புத்தகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பாதிக்கு மேல் கதைகள்: நரி, காகம், ராஜா, தெனாலிராமன். ஒரு தட்டு முழுக்கப் புலமைப்பரிசில் வழிகாட்டிகளும் கடந்தகால வினாத்தாள்களும். இன்னொரு தட்டில் வெளிநாட்டிலிருந்து யாரோ அன்போடு அனுப்பிய ஆங்கிலப் புத்தகங்கள், வழவழப்பான தாளில். எரிமலையைப் பற்றி மூன்று இருந்தன. பனிச்சரிவைப் பற்றிக்கூட ஒன்று இருந்தது. நாங்கள் நிற்கிற மண் ஏன் நகர்கிறது என்று தமிழில் சொல்ல ஒரு பக்கமும் இல்லை.

"இல்லைம்மா" என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் தாள் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கட்டுரை அந்த "இல்லைம்மா"வைப் பற்றியது.

பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றாலே நம் ஆட்களுக்குக் கதைப் புத்தகம்தான். கதையைத் தாண்டினால் பாடப்புத்தகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வெளி கிடக்கிறது. உலகம் எப்படி இயங்குகிறது, நாம் எங்கிருந்து வந்தோம், இந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பரீட்சைப் பயம் இல்லாமல் சொல்கிற புத்தகங்களின் இடம் அது. ஒரு பெற்றோர் வாசிப்பறைக்கு வந்து, "புள்ள கதைப் புக்கா எடுத்துட்டு வருது, பாஸ் புக் குடுங்க டீச்சர்" என்று கேட்டார். அவர் கேட்டது வினாவிடைப் புத்தகம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளை கூடை தூக்கக் கூடாது என்ற கவலையில் வந்த பேச்சு அது. ஆனால் கேள்வி கேட்கிற பழக்கமே இல்லாத பிள்ளைக்கு வினாவும் விடையும் சேர்த்தே கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை எப்போதுதான் தானாக ஒரு கேள்வி கேட்கும்?

நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதிபர் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. எப்போதும் பூட்டுத்தான். உள்ளே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் ஒரே ஒரு தொகுதி நின்றது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு சென்னையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாகக் கொண்டுவந்தது அது என்பதெல்லாம் பிற்காலத்தில் அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அந்தத் தடித்த முதுகு மட்டுமே. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில், அலுமாரியைத் தூசு தட்டச் சொன்னார்கள். தூசு தட்டுகிற சாட்டில் அன்று பகல் முழுவதும் அதை வாசித்தேன். அகர வரிசையில் போகிற புத்தகம். ஒரு விலங்கு முடிந்ததும் ஒரு நாடு வரும், நாடு முடிந்ததும் ஒரு நோய். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது, ஆனால் எல்லாம் ஒரே உலகத்தில் இருக்கிறது என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்குள் வந்தது. மிச்ச ஒன்பது தொகுதிகளில் என்ன இருக்கும் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பதினொரு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயும் ஒரு பகல்தான் அந்தப் புத்தகம் என் கையில் இருந்தது என்பது இன்றைக்கும் வலிக்கிறது. அதனால்தான் எங்கள் வாசிப்பறை அலுமாரிக்குப் பூட்டு வாங்கவில்லை. புத்தகம் தொலையத்தான் செய்கிறது. தொலையட்டும்.

சரி, மண்சரிவுப் புத்தகத்துக்கு வருகிறேன். இல்லாததால் நாங்களே செய்தோம். அதற்கு முன்பே ஒன்று செய்திருந்ததால் கொஞ்சம் தைரியம் இருந்தது. அந்த முதல் புத்தகம் தேயிலையைப் பற்றியது.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அம்மாவோ அம்மாயியோ கொழுந்து பறிப்பவர்கள். "இஸ்டோருக்குள்ள கொழுந்து போன பிறகு என்ன ஆகும்?" என்று ஒரு நாள் கேட்டேன். "அரைப்பாங்க" என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் மணத்தில் வளர்ந்த பிள்ளைகள், வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. அதனால் பன்னிரண்டு தாள்களை மடித்துத் தைத்து ஒரு புத்தகம் எழுதினோம். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் முதலில் மேல்மாடியில் பரப்பிக் காற்று விட்டு மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். பிறகு உருட்டுகிறார்கள். உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளியே வருகிறது, காற்று படுகிறது, பச்சை மெல்ல மெல்லச் செப்பு நிறமாகிறது. நொதிக்க வைப்பது என்று இதற்குப் பெயர் இருந்தாலும், தயிர் உறைவதுபோலக் கிருமி எதுவும் இங்கே வேலை செய்வதில்லை. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே வேலைதான். இலைக்குள் இருக்கும் நொதியங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் மாற்றம். சரியான நேரத்தில் சூடான காற்றை விட்டு அதை நிறுத்திவிட வேண்டும். பிறகு சலித்துத் தரம் பிரித்தால் தூள்.

இந்தப் புத்தகத்தில் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் புரட்டிய பக்கம் ஒரு கணக்குப் பக்கம். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து காய்ந்தால் ஒரு கிலோ தூள். ஒரு அம்மா ஒரு நாளில் 18 கிலோ பறித்தால் 4 கிலோ தூள் வரும். ஒரு கோப்பைத் தேநீருக்கு 2 கிராம் போதும். ஆக 2000 கோப்பை.

இந்தக் கணக்கைப் போட்ட பையன் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "டீச்சர், எங்கம்மா ஒரு நாளு பறிச்சதுல ரெண்டாயிரம் பேரு தேத்தண்ணி குடிப்பாங்களா?" என்றான். இரண்டாம் முறையும் வகுத்துப் பார்த்தான். அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான். கிழிக்க வேண்டாம், பார்த்து எழுதிக்கொள் என்றேன். எழுதிக்கொண்டு போனான். அடுத்த வாரம் அந்த அம்மா பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து மலைக்குப் போகிற வழியில் வாசிப்பறையை எட்டிப் பார்த்து, "அந்தக் கணக்கு நெசமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எந்தக் கதைப் புத்தகமும் அந்த வேலையைச் செய்திருக்காது என்று நான் நம்புகிறேன். கதையில் வருகிற தோட்டத்து அம்மா பாவப்பட்டவளாக வருவாள். நாம் அழுவோம். இந்தக் கணக்கில் அவள் செய்கிற வேலை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. அது உண்மை என்பதால் பிள்ளை தலை நிமிர்ந்து நிற்கிறான்.

வரலாற்றிலும் இதே கதைதான். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஒரு நாள் சுவரில் தாள் ஒட்டி ஆண்டுக் கோடு வரைந்தோம். ஒருத்தி புகையிரதத்துக்கான ஆண்டுகளை எழுதினாள்: கண்டிக்கு 1867, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. எழுதிவிட்டு நின்று பார்த்து, "தேயிலையும் கோச்சியும் ஒரே வருசத்துலயா? அப்ப கோச்சி எதை ஏத்த வந்துச்சு?" என்று கேட்டாள். கோப்பி! கண்டிக்குத் தண்டவாளம் போட்டது கோப்பியை இறக்கத்தான். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. எங்கள் முன்னோர் 1820களிலிருந்து மன்னார்ப் பக்கம் இறங்கிக் காடு வழியாக நடந்து வந்ததும் கோப்பிக்காகத்தான். தேயிலைக்கு நாற்பது வருடம் முந்தியே இங்கே வந்துவிட்டோம் என்று, ஒரு சுவர்க் கோட்டைப் பார்த்துத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அது ஒருநாளும் மறக்காது.

நல்ல உண்மைப் புத்தகம் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவும் பழக்கும். பதுளைக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள தெமோதரைச் சுற்றுப்பாதையைப் பற்றி ஒரு கதை உண்டு. அந்தச் செங்குத்தில் ரயிலை எப்படி இறக்குவது என்று என்ஜினியர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றியதைப் பார்த்து வழி கண்டாராம். பிள்ளைகளுக்கு இந்தக் கதை உயிர். எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வாய்வழி வந்தது. பாதை ஒரு வட்டமடித்து தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போவது யாரும் போய்ப் பார்க்கக்கூடியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒன்றுக்கு "அப்படிச் சொல்கிறார்கள்" என்றும் மற்றதற்கு "போய்ப் பார்க்கலாம்" என்றும் தலைப்புப் போட்டோம். அதன்பிறகு பிள்ளைகள் எதைப் படித்தாலும், ஃபோனில் வருகிற செய்தி உட்பட, "இது சொல்றதா, பாக்கிறதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வளர்ந்த பிள்ளைகளின் தேவை வேறு. பதினைந்து பதினாறு வயதில் கோபம் வரும், அந்தக் கோபத்துக்குக் காரணம் தெரியவேண்டும். ஒரு பையன் தன் தாத்தாவின் தம்பி ஏன் நீலகிரியில் இருக்கிறார் என்று கேட்டான். வீட்டில் கேட்டால் "அந்தக் காலத்துல அனுப்பிட்டாங்க" என்பதோடு சரி. எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும், அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தையும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன. பத்து வருடம் கழித்து அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அவன் மூன்று எண்களையும் கூட்டி 9,75,000 என்று எழுதினான். "இதுல ஒண்ணு எங்க சின்னத் தாத்தா" என்றான். நாடற்றவராக மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை அவன் நம்பவே இல்லை. அவன் பிறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் அது.

இதையெல்லாம் பெரியவர்களுக்காக எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை எழுதினார். சாரல் நாடன், தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரைப் பற்றித் தேடித்தேடி எழுதினார். நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளர்களைத் திரட்டியதை எங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அப்பவேயா?" என்றாள் ஒருத்தி. பழைய நூல்களில் பலவற்றை 2005 முதல் நூலகம் நிறுவனம் மின்வடிவில் சேர்த்து இலவசமாக வைத்திருக்கிறது. அது பெரிய கொடை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, படத்தோடு, எளிய வாக்கியத்தில் வாசிக்கிற மாதிரி அந்த வாழ்க்கைகளை யாராவது எழுதவேண்டும். எழுதுகிறவர்கள் பரிசு வாங்கும் நோக்கத்தில் கவிதையும் சிறுகதையும் எழுதுகிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இந்தியாவில் வரும் தமிழ்ப் புத்தகங்களும் எங்களுக்கு உதவுகின்றன. ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறையச் சிறுவர் அறிவியல் நூல்கள் உண்டு, காசில்லாமல் இறக்கி அச்சடிக்கலாம். ஆனால் ஒரு தொல்லை. இங்கே பிள்ளைகள் படிப்பது ஒட்சிசன், அங்கே ஆக்ஸிஜன். இங்கே கலம், அங்கே செல். இங்கே ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. முலையூட்டி, பாலூட்டி. பௌதிகவியல், இயற்பியல். ஒரே மொழியில் இரண்டு அகராதி. முதலில் பிள்ளைகள் மிரண்டார்கள். "இது வேற தமிழு டீச்சர்" என்று ஒருவன் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி உள்ளட்டையிலும் பென்சிலால் ஒரு சோடிச் சொல் பட்டியல் எழுதும் வேலையைத் தரம் 9 பிள்ளைகளிடம் கொடுத்தேன். இப்போது சின்னவர்கள் முதலில் அந்த அட்டையைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் தெரிந்த பிள்ளை, பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்க்கப் பழகுகிறது என்பதையும் கவனித்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரிய பிள்ளையாவதைப் பற்றி, பத்து பதினொரு வயதுப் பெண் பிள்ளைக்கு அது வருவதற்கு முன்பே கையில் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. தண்ணீர் வார்ப்பார்கள், சடங்கு செய்வார்கள், மாலை போடுவார்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பயந்துபோய், தனக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று இரண்டு நாள் மறைத்து வைத்த பிள்ளை எனக்குத் தெரியும். எட்டுப் பக்கத்தில் நானும் பிரசவம் பார்க்கிற எங்கள் பகுதி மருத்துவமாது ஒருவரும் எழுதினோம். பழைய பத்திரிகைத் தாளில் அட்டை போட்டு, மேலே எதுவும் எழுதாமல் வைத்தோம். அது அலுமாரியில் நின்ற நாள் மிகக் குறைவு. யார் எடுத்தார்கள் என்று நான் பதிவதில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் ஒன்று எழுதவேண்டும், இன்னும் எழுதவில்லை.

மண்சரிவுப் புத்தகம் எழுத ஒரு மாதம் பிடித்தது. மற்றவை போல இல்லை, இதில் ஒரு வரி பிழைத்தால் ஆபத்து. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கைகளில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மூன்றுக்கும் என்ன பொருள் என்று முதல் பக்கத்தில் போட்டோம்: கவனமாக இரு, தயாராக இரு, வெளியேறு. அடுத்து காரணம். மண் துணிக்கைகளுக்கு இடையில் இருக்கும் வெளியில் மழைத் தண்ணீர் நிரம்பும்போது மண் பாரமாகிறது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிடியும் தளர்கிறது. இதை விளக்கப் பிள்ளைகள் ஒரு பலகையில் மண்ணைக் குவித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, எந்தக் கிண்ணத்தில் சரிந்தது என்று எண்ணி எழுதினார்கள். மலையில் கான், அதாவது மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், வெட்டுவது எதற்கு என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. மண் நிரம்பித் தூர்ந்த கானில் தண்ணீர் ஓட வழியில்லை, அங்கேயே இறங்கி மலைக்குள் போகிறது. 

பிறகு அடையாளங்கள். நிலத்தில் புது வெடிப்பு. நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது. கதவு திடீரென்று நிலையில் இறுகுவது. இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று நிற்பது, மலை ஊற்றிலிருந்து பீலியில் (குழாயில்) விழும் தண்ணீர் சட்டென்று கலங்குவது. இதை எழுதும்போது 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமா என்று யோசித்தோம். சின்னவர்கள் பயப்படுவார்கள் என்று நான் தயங்கினேன். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைதான், "பயம் இப்பவே இருக்கு டீச்சர், என்ன செய்யணும்னு தெரிஞ்சா கொறையும்" என்றாள். அந்தப் பக்கத்தை வைத்தோம்.

ஆறு பிரதி செய்து லயத்துக்கு ஒன்றாகக் கொடுத்தோம். ஒரு வீட்டில் எழுத்துத் தெரியாத அம்மாயி ஒருவர் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பீலி கலங்குவது பற்றிய வரியைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னாராம்.

இந்த விடுமுறையில் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது, பற்றி ஒரு புத்தகம் நடக்கிறது. முப்பது வருடம் கவ்வாத்து வெட்டிய ஒரு தாத்தா வாசலில் உட்கார்ந்து சொல்கிறார், இரண்டு பிள்ளைகள் எழுதுகிறார்கள், ஒருத்தி படம் வரைகிறாள். நேற்று படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர் தலையை ஆட்டிவிட்டார். "வெட்டு நேரா இருக்கு பாரு. சாய்வா இருக்கணும் புள்ள. நேரா வெட்டுனா தண்ணி நின்னு வாது அழுகிப்போகும்." அவள் அழிறப்பரை எடுத்து அழித்துத் திரும்ப வரைந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார்.